வீட்டுக்கு அளவெடுத்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், மீட்கப்பட்டு வீட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு நாயின் படத்தை வாரந்தோறும் வெளியிடுகிறீர்கள். நல்ல காரியம். அதைப் பார்த்துவிட்டு எங்கள் காப்பகத்துக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் நாயோடு திரும்பிப் போனதும் உண்டு. எனக்கு வருத்தம் படத்தின் கீழே வரும் வரிகளைப் பற்றித்தான். கடந்த நான்கு ஞாயிறுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். நான்கு நாய்களுக்கும் ஒரே வாசகம்: அன்பானது, சுறுசுறுப்பானது, எல்லோருடனும் பழகும். நான்கு பேருக்கு ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுத்ததைப் போல இருந்தது. அந்த நால்வரில் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோருடனும் பழகுகிறவன் இல்லை அவன்.

நான் தையற்காரி. முப்பத்தோரு வருடமாக இதுதான் தொழில். புதன், சனி பிற்பகல்களில் கடையை அடைத்துவிட்டு ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போகிறேன், ஒன்பது வருடமாயிற்று. கூண்டு கழுவுவதில் தொடங்கினேன். இப்போது தத்தெடுக்க வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. எந்த நாய் எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று பார்க்கவேண்டும். இந்த வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தது என் அளவு டேப்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டவுடன் மனிதர்கள் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை, தானாக வரும். அந்த அளவை நம்பித் தைத்தால் துணி போட்டுப் பார்க்கும்போது பிடிக்கும். குற்றம் என் தலையில் விழும். அதனால் டேப்பைப் போட்டுவிட்டு ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும். அப்போதுதான் எண்ணைப் பார்ப்பேன்.

நாய் கேட்டு வருகிறவர்களும் வயிற்றை இழுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். "நாய் வீட்டில் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும்?" என்று கேட்டால், "யாராவது இருந்துகொண்டேதான் இருப்போம்" என்பார்கள். நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். "போன செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டைக் கடைசியாகப் பூட்டியது யார்? எத்தனை மணிக்கு? திரும்பி வந்து முதலில் திறந்தது யார்?" என்று கேட்கிறேன். விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். ஒன்பதரை மணி நேரம் வரும். அவர்களே திகைத்துப் போவார்கள். பொய் சொல்ல வந்தவர்கள் இல்லை. தங்கள் வீட்டை நினைத்துப் பார்த்தே நாளாகிவிட்டது, அவ்வளவுதான். "நடைக்குக் கூட்டிப்போவீர்களா?" என்றும் கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் ஆம் என்பார்கள். "கடைசியாக மழை பெய்த நாளில் காலை ஆறு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்றால் உண்மை வெளியே வரும்.

இவ்வளவு பேசுகிற நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பத்து வருடத்துக்கு முன்பு ஒரு படத்தைப் பார்த்து மயங்கி, பதினொரு மாத வயதுள்ள ஒரு பழுப்பு நிறப் பெட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிட்டு என்று பெயர் வைத்தேன். நாளில் பத்து மணி நேரம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் நான். சிட்டுவோ ஓடுவதற்கென்றே பிறந்தவள். மெஷின் ஓடும்போதெல்லாம் குரைப்பாள். நிறுத்தினால் பந்தைக் கொண்டுவந்து மடியில் போடுவாள். கத்தரிக்கோலின் பிடி, அடையாளச் சாக்கட்டி, இரண்டு ஊசிப் பெட்டிகள் எல்லாம் போயின. பதினாறாம் நாள் அவள் வாயோரத்தில் ஒரு நூல் தொங்கியது. நல்லவேளையாக அதைப் பிடித்து இழுக்காமல் மருத்துவரிடம் ஓடினேன். உள்ளே போன நூலை இழுத்தால் அது குடலை அறுத்துவிடும் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. ஊசியும் நூலும் தரையெல்லாம் கிடக்கும் வீடு என்னுடையது. எதையும் வாயில் போடும் வயதிலிருக்கும் நாய்க்கு அதைவிட மோசமான வீடு உலகத்தில் இருக்காது. இது நான் கேட்காமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அழுதேன். திருடி அகப்பட்டவளைப் போல வாசலில் நின்றேன். அங்கிருந்த பெரியவர் திட்டவில்லை. ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "உட்காருங்கள் அம்மா, பத்தொன்பது நாளில் இவளைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள், சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். காரில் வாந்தி எடுக்காமல் வருவாள். இரவில் முழுதாக ஏழு மணி நேரம் தூங்குவாள். குழந்தைகளைக் கண்டால் தாவுவாள், தள்ளிவிடுவாள், ஆனால் கடிக்க மாட்டாள். உணவுத் தட்டை எடுத்தால் உறும மாட்டாள். மாலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் மறுநாள் நண்பகல் வரை அமைதியாக இருப்பாள். ஒரு பக்கம் நிரம்பியது. கூண்டுக்கு வெளியே நின்று பார்த்திருந்தால் அந்தப் பக்கத்தை யாராலும் எழுதியிருக்க முடியாது. ஐந்து வாரம் கழித்து, தினமும் அதிகாலையில் ஓடப்போகிற ஒரு கணவன் மனைவி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சிட்டுவைக் கூட்டிப் போனார்கள். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், முகம் நரைத்துவிட்டது.

இதை நான் வெட்கமில்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாயைத் திருப்பிக் கொடுக்கிறவர்களை ஊர் பேசும் பேச்சு இருக்கிறதே, அது நாய்களுக்குத்தான் கெடுதல். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு வருடம் சங்கிலியில் கட்டிப் போட்டு வைத்திருக்கிறார்கள். இரவோடு இரவாக எங்கேயோ அவிழ்த்து விட்டுவிட்டு, ஓடிப்போய்விட்டது என்கிறார்கள். பிரித்துத் தைக்க முடியாத தையல் என்று ஒன்று இல்லை. உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைத்திருக்க வேண்டும்.

சரி, நாயைக் கூண்டில் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். என் தங்கை மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். ஆய்வுகளைத் தேடிப் படித்து எனக்குச் சொல்வது அவள்தான். காப்பகங்களில் வைக்கப்படும் குணச் சோதனைகளைப் பற்றி 2016இல் கேரி பேட்ரனெக், ஜானிஸ் பிராட்லி என்ற இருவர் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பொம்மைக் கையால் தட்டை இழுப்பது, முறைத்துப் பார்ப்பது போன்ற சோதனைகள் அவை. ஒரு நாய் வீட்டில் முரட்டுத்தனம் காட்டுமா என்று அவற்றை வைத்துச் சொல்வது, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. எனக்கு வியப்பாக இல்லை. சுற்றிலும் இருபது நாய்கள் குரைக்க, பூச்சிமருந்து வாடை வீச, சிமெண்டுத் தரையில் நிற்கும் உயிரிடம் அதன் சுபாவத்தைக் கேட்டால் எதைச் சொல்லும்? காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாளில் நாயின் உடலில் பதற்றத்தின் ஹார்மோனான கார்ட்டிசால் எகிறி நிற்கும். மூலையில் அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்து, "எவ்வளவு சாது" என்று மகிழ்ந்துபோகிறார்கள். பயத்தில் உறைந்திருப்பதும் சாதுவாக இருப்பதும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வாலாட்டினால் சந்தோஷம் என்பதும் பாதிதான் உண்மை. உதட்டை நக்கிக்கொள்கிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு, 2014இல் வந்தது. தத்தெடுக்க வருகிறவர்கள் ஒரு நாயைக் கூண்டுக்கு வெளியே வைத்துப் பழகிப் பார்க்கும் நேரம் சராசரியாக 8 நிமிடங்களாம். அந்த நேரத்துக்குள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்ட நாய்க்கும், விளையாட அழைத்தால் முகம் கொடுத்த நாய்க்கும் அதிர்ஷ்டம். ஒரு சட்டைக்கு அளவெடுக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் கூட இருக்கப்போகிற உயிருக்கு எட்டு நிமிடம்!

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல மருந்து, சில நாள்கள் யாராவது ஒருவர் வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான். ஓரிரு இரவு போதும். 5 காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவு வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. வீட்டில் தூங்கிய இரவுகளில் அவற்றின் கார்ட்டிசால் இறங்கியது. திரும்பி வந்தபோது பழைய அளவுக்குத்தான் ஏறியது, அதற்கு மேலே போகவில்லை. "வீட்டைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூண்டில் அடைத்தால் இன்னும் வேதனைப்படுமே" என்று எங்களிடமே பலர் தடுத்திருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. அந்த இரண்டு இரவில் கிடைக்கும் செய்திகள் இருக்கின்றனவே, அவை பொன். மாடிப்படி ஏறத் தெரியுமா? மின்விசிறியைப் பார்த்துப் பயப்படுகிறதா? தனியாக விட்டால் செருப்பைக் கடிக்கிறதா, வாசல் கதவைப் பிறாண்டுகிறதா? செருப்பைக் கடிப்பது பெரும்பாலும் பொழுது போகாததால். கதவையும் ஜன்னலையும் மட்டுமே குறிவைத்தால் அது தனிமையின் பீதி. இரண்டுக்கும் வேறு வேறு வீடு வேண்டும்.

இனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 'சயன்ஸ்' இதழில் 2022இல் வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தால் விளக்க முடிவது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்றது. காதையும் வாலையும் பார்த்து நாங்கள் அட்டையில் எழுதி வைக்கும் இனமும் பாதி நேரம் ஊகம்தான். இருந்தும் மனிதர்கள் மூக்கின் நீளத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். துணியின் நிறத்தைப் பார்த்து அளவு சொல்கிற மாதிரி.

வயதுதான் உண்மையில் கேட்கவேண்டியது. குட்டி என்றால் எல்லோருக்கும் ஆசை. மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம் வரை அது எதைக் கண்டு பழகுகிறதோ அதைத்தான் உலகம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பின்னால் சரிக்கட்டுவது கடினம். இரவில் இரண்டு முறை எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் தம்பதியர் "இரண்டும் சேர்ந்து வளரட்டும்" என்று குட்டி கேட்டு வரும்போது அவர்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைத்தான் நான் பார்ப்பேன். அடுத்தது விடலைப் பருவம். ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய் எட்டு மாதத்தில் தன் வீட்டார் சொன்னால் மட்டும் கேட்காது. அந்நியர் சொன்னால் கேட்கும். இதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளை வளர்த்தவர்களுக்கு ஆய்வே வேண்டாம். இந்த வயதில் திரும்பி வரும் நாய்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் போதும்.

கிழட்டு நாய்களைக் கேட்டு யாரும் வருவதில்லை. சிட்டுவைத் திருப்பிக் கொடுத்து ஒரு வருடம் கழித்து நான் ஒருவனைக் கேட்டேன். ஒன்பது வயது, காது அறவே கேட்காது. தட்டுக் கீழே விழுந்து அத்தனை நாய்களும் துள்ளியபோது இவன் மட்டும் திரும்பாததால் தெரிந்துகொண்டோம். ஆறு மாதமாக அவனை யாரும் கேட்கவில்லை. எனக்கோ நாள் முழுவதும் மெஷின் சத்தம். இவனைவிடப் பொருத்தமானவன் வேறு யார்? மெஷினுக்கு அடியில் என் பாதத்தில் முதுகைச் சாய்த்துப் படுப்பான். சத்தம் கேட்காவிட்டாலும் அதிர்வு தெரியும். மெஷின் ஓடினால் நான் இருக்கிறேன் என்று அவனுக்கு அர்த்தம். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறுவான். அதனால் எழுந்திருப்பதற்கு முன் காலால் தரையை இரண்டு முறை தட்டுவேன். நான்கு வருடம் இருந்தான். இப்போதும் எழும்போது கால் தானாகத் தட்டிவிடுகிறது.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. தோட்டம் இல்லையா, நாய் இல்லை; வேலைக்குப் போகிறீர்களா, நாய் இல்லை; வயது அறுபத்தைந்தா, நாய் இல்லை என்று அட்டையில் எழுதி மாட்டி வைக்கும் காப்பகங்கள் உண்டு. இது அளவெடுப்பதில்லை, கடையைச் சாத்துவது. நாளில் முக்கால்வாசி தூங்கிக் கழிக்கிற நாய்க்கு மூன்றாம் மாடியின் ஒற்றை அறை தாராளம். தோட்டம் இருப்பவர்கள் பலர் நாயைத் தோட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவருக்கு, அவர் மகனிடம் "நீங்கள் பின்னால் பார்த்துக்கொள்வீர்களா?" என்று எழுதி வாங்கிக்கொண்டு, பத்து வயது நாயைக் கொடுத்தோம். எங்கள் நோட்டில் அதைவிட நல்ல பொருத்தம் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதையும் அழைத்து வரவேண்டும். வீட்டு வாசலில் வைத்து முகத்துக்கு முகம் காட்டக்கூடாது. இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்க வைக்கவேண்டும். பூனை இருந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் கையில் இருக்கவேண்டும். பெரிய சங்கதிகள் இல்லை, ஆனால் இவற்றில் ஒன்று விட்டுப்போனால் நாய் திரும்பி வந்துவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு என்று காப்பகங்களில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. சட்டம் இல்லை, கைக்கணக்குத்தான். சில நாய்க்கு ஒரு வருடம் கூட ஆகும். முதல் வாரத்தில் உறவினரையெல்லாம் அழைத்துக் காட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இடம் அல்ல, இடம் இருக்கிறது. படத்துக்குக் கீழே வரும் வரிகளை மாற்றுங்கள். அந்த நாயால் என்ன முடியாது என்று முதலில் போடுங்கள். ஆள் வராது என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். குறைவாகத்தான் வருவார்கள். வருகிறவர் சரியான ஆளாக இருப்பார். நீங்கள் போன மாதம் 'எல்லோருடனும் பழகுவான்' என்று போட்டீர்களே, அவனைப் பற்றி நான் எழுதித் தருகிறேன். வேண்டுமானால் அப்படியே அச்சிடுங்கள்:

"முகில். ஆண். வயது 6 இருக்கலாம். கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டன. தனியாக இருக்க மாட்டான். இப்போதைக்குப் 10 நிமிடம் தாங்குகிறான், பழக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. தொப்பி போட்ட ஆண்களைக் கண்டால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். கூப்பிடாமல் விட்டால் வெளியே வருவான். சாப்பிடும்போது தட்டருகே யாரும் போகக்கூடாது. அதனால் சிறு குழந்தைகள் உள்ள வீடு வேண்டாம். பூனையும் வேண்டாம். மற்ற நாய்களோடு நன்றாக நடப்பான். கார் பிடிக்கும். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறவராக, அதிகம் விருந்தினர் வராதவராக ஒருவர் வேண்டும். உங்கள் மடியில் தலை வைக்க அவனுக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகும். வைத்துவிட்டால் எடுக்க மாட்டான், கால் மரத்துப்போகும்."

இப்படிக்கு,
ஒரு தையற்காரி

பின்குறிப்பு: படம் வேண்டுமென்றால் அவன் தூங்கும்போது எடுத்தது ஒன்று இருக்கிறது. விழித்திருக்கும்போது கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நீங்கள் வெளியிட்ட படத்தில் சிரிப்பதைப் போலத் தெரிந்தது, பயத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.